பதினோராவது கேள்வி

கணினி வந்த பிறகு ஆராய்ச்சி சுலபமாகிவிட்டது என்று யாராவது என் முன்னால் சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். நான் முதுகலை ஆய்வு செய்தது இரண்டாயிரங்களின் நடுவில், மொன்றியலில். அந்தக் காலத்தில் நான் புத்தகம் வாசித்த நேரத்தைவிட, மறந்துபோன கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் புதியது வரும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அதிகம். வீட்டிலிருந்தபடி நூலகத்தின் தரவுத்தளத்துக்குள் போக ஒரு கடவுச்சொல், பல்கலைக்கழக மின்னஞ்சலுக்கு இன்னொன்று, ஆய்வு நெறிமுறைக் குழுவின் பக்கத்துக்கு மூன்றாவது. மூன்றும் மூன்று வேறு நாட்களில் காலாவதியாகும். மின்னஞ்சலின் கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது என்ற அறிவித்தல், நான் உள்ளே போக முடியாத அதே மின்னஞ்சலுக்குத்தான் வரும்.

எனக்கு அப்போது நாற்பது வயது. காலையில் ஒரு கார்டரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், வேலை. மத்தியானத்துக்குப் பிறகு படிப்பு. தவணைக்கு ஒரு பாடம் என்று நகர்ந்து, ஆய்வு எழுதும் கட்டத்துக்கு வரவே ஐந்து வருடம் போய்விட்டது. ஏற்கனவே இரண்டு தடவை கால நீடிப்பு வாங்கியிருந்தேன். மூன்றாவது தடவை கொடுத்தபோது இதுவே கடைசி என்று எழுத்திலேயே தந்தார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் ஆய்வைக் கையளிக்காவிட்டால் பதிவிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். ஏழு வருடப் படிப்பும் வீண்.

என் கணவர் துறைமுகத்திலிருந்து கொள்கலன் லொறி ஓட்டுகிறவர். விடிய ஐந்து மணிக்குப் போனால் பின்னேரம் ஆறு மணிக்கு வருவார். நான் முழுநேர வேலைக்குப் போகாததைப் பற்றி ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. “நீர் படியும்” என்பார். நான் சமைக்காத நாட்களில் தானே முட்டை பொரித்துப் பாணோடு சாப்பிட்டுவிட்டுக் கோப்பையையும் கழுவி வைப்பார். அவருடைய பிரெஞ்சு துறைமுக வாசலைத் தாண்டுவதற்குப் போதுமான பிரெஞ்சு: எண்கள், இடம், வலம், போன்ஜூர், மெர்சி. மகளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் முழுக்கப் பிரெஞ்சு. நான் ஆய்வைப் பிரெஞ்சில் எழுதவேண்டியிருந்ததால் அவளோடு பேசித்தான் என் பிரெஞ்சைத் தீட்டிக்கொண்டேன். நான் பிழைவிட்டால் கண்ணை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திருத்துவாள்.

ஆய்வின் தலைப்பு மூன்று வரி நீளம். சுருக்கமாகச் சொன்னால், மொன்றியலில் இருக்கும் இலங்கைத் தமிழ்ப் பெற்றோர் வீட்டில் பிள்ளைகளோடு எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பதுதான். நான் வீடு வீடாகப் போய், ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்து, தேத்தண்ணி குடித்தபடி ஆட்களோடு கதைக்கலாம் என்று நினைத்திருந்தேன். என் மேற்பார்வைப் பேராசிரியை கேட்கவில்லை. அவர் இந்த ஊர்ப் பிரெஞ்சுப் பெண். நல்ல மனிதர்தான், ஆனால் கடதாசி என்றால் அவருக்கு ஒவ்வாது. நான் அவருடைய அறைக்கு வெளியே நின்று கதவைத் தட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து எனக்கு மின்னஞ்சல் அனுப்புகிற ஆள். இந்தக் காலத்தில் யார் வீடு வீடாகப் போகிறார்கள், இணையத்தில் ஒரு வினாக்கொத்தைப் போடு, இணைப்பை அனுப்பு, பதில்கள் தானாக வந்து அட்டவணையில் விழும் என்றார். நானும் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினேன்.

முதலில் நெறிமுறைக் குழு. வினாக்கொத்து பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் இருக்கவேண்டும் என்றார்கள். சரி. தமிழ் வடிவத்தை நம்மவர்கள் எல்லோரும் அப்போது வைத்திருந்த ஓர் எழுத்துருவில் அடித்து அனுப்பினேன். என் திரையில் அழகான தமிழ். அவர்களுடைய கணினியில் அந்த எழுத்துரு இல்லாததால் வெறும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் காற்புள்ளிகளும். உங்கள் இணைப்பு பழுதடைந்துள்ளது என்று செயலாளர் எழுதினார். எழுத்துருவையும் சேர்த்து அனுப்பினேன். வெளியார் தரும் எதையும் எங்கள் கணினியில் நிறுவ அனுமதியில்லை என்று பதில் வந்தது. முழுவதையும் யூனிகோடில் திரும்ப அடித்தேன். இப்போது எல்லாம் சதுரம் சதுரமாகத் தெரிகிறதாம். கடைசியில் அச்சடித்து, அதைப் படமாக எடுத்து, அந்தப் படத்தை அனுப்பினேன். மிக்க நன்றி, இது தெளிவாக இருக்கிறது என்று பதில் வந்தது. அந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. இந்தக் கூத்துக்கு இரண்டரை மாதம் போயிற்று.

பிறகு இணைப்பை எல்லோருக்கும் அனுப்பினேன். எங்கள் தேவாலயப் பங்கில் இருக்கும் குடும்பங்கள், டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் முருகன் கோயிலுக்குப் போகும் தெரிந்தவர்கள், புரோசார்டில் இருக்கும் என் பள்ளிக்கூடத் தோழி, அவளுக்குத் தெரிந்தவர்கள். மின்னஞ்சல் முகவரி சேர்த்ததே ஒரு கதை. பாதி வீடுகளில் முழுக் குடும்பத்துக்கும் ஒரே முகவரி, அதுவும் மூத்த பிள்ளையின் பெயரில், கடவுச்சொல் அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும். அனுப்பிய மறுநாளிலிருந்து பதில்கள் வரத் தொடங்கின. வினாக்கொத்துக்கு அல்ல, எனக்கு. அந்தோனியார் படம் போட்டு இதைப் பத்துப் பேருக்கு அனுப்பு என்று நான்கு பேர். என் மின்னஞ்சலையே எனக்குத் திருப்பி அனுப்பி ‘இது உண்மையா?’ என்று கேட்டவர் ஒருவர். மற்றவர்கள் தொலைபேசியில் கூப்பிட்டார்கள்.

“நீலமா ஒரு கோடு இருக்கு. அதை அமத்தினா வைரஸ் வருமாமே, என்ரை மகன் சொல்லுறான்.”

“வராது அன்ரி. அமத்துங்கோ.”

“நீர் இப்ப போனிலை கேளுமன், நான் சொல்லுறன்.”

“போனிலை கேக்கக்கூடாது அன்ரி. ஆரெண்டு எனக்குத் தெரியக்கூடாது.”

“எனக்கு உம்மை உம்மடை கலியாணத்திலையிருந்து தெரியும். என்ன விசர்க்கதை கதைக்கிறீர்?”

ஆறு கிழமையில் ஏழு பதில் வந்தது. ஏழு. தினமும் கார்டரியிலிருந்து வந்து மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல் கணினியைத் திறந்து பார்ப்பேன். ஏழுதான். பேராசிரியை மின்னஞ்சலுக்கு மேல் மின்னஞ்சல் அனுப்பினார். குறைந்தது ஐம்பது வேண்டும், ஐம்பது இல்லாமல் எதையும் சொல்ல முடியாது, ஆகஸ்ட் ஞாபகமிருக்கட்டும் என்று. எனக்கு ஆகஸ்ட் கனவிலும் ஞாபகமிருந்தது. வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பாத நாளில்லை. மகளிடம் பிரெஞ்சில் புலம்புவேன், கணவரிடம் தமிழில். அவர் கேட்டுக்கொண்டிருப்பார். “சனம் பயப்பிடுது” என்று ஒருநாள் சொன்னார், அவ்வளவுதான்.

கடைசி முயற்சியாகப் பங்குச் சுவாமியாரிடம் கேட்டு, தமிழ்ப் பூசை முடிய ஓர் அறிவித்தல் கொடுக்கச் செய்தேன். இணைப்பை ஒரு தாளில் அச்சடித்துப் பங்கு மண்டபத்து அறிவித்தல் பலகையிலும் ஒட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் பார்க்கிறேன், ஏழு இருபத்தைந்தாகியிருக்கிறது. கண்ணை நம்பமுடியவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை நாற்பதைத் தாண்டியது. நான்கு கிழமையில் புதிதாக அறுபத்திரண்டு பதில். நான் மெத்ரோவில் தனியே சிரித்துக்கொண்டு போனேன். எங்கள் சனத்தை எவ்வளவு திட்டியிருப்பேன், மனதுக்குள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். பேராசிரியைக்கு அட்டவணையை அனுப்பினேன். கடைசிக் கேள்விக்குப் பிறகு ‘வேறு ஏதாவது கூற விரும்பினால்’ என்று ஒரு பெட்டி வைத்திருந்தோம். அதில் சிலர் தமிழில் எழுதியிருந்தார்கள் போல. அட்டவணைக்கு மாற்றும்போது அந்த நிரல் முழுவதும் கேள்விக்குறிகளாக வந்து விழுந்தது. வரிசை வரிசையாக வெறும் கேள்விக்குறி. அதைப் பிறகு பார்க்கலாம், இப்போது எண்கள்தான் முக்கியம் என்றார் பேராசிரியை.

எண்களில்தான் அவர் மயங்கிப்போனார். பதினோராவது கேள்வி: வீட்டில் உங்கள் பிள்ளையோடு பெரும்பாலும் எந்த மொழியில் பேசுகிறீர்கள்? பிரெஞ்சு வடிவத்தை நிரப்பியவர்கள் எல்லோரும் பிரெஞ்சு என்றார்கள். ஆங்கில வடிவத்தை நிரப்பியவர்கள் ஆங்கிலம் என்றார்கள். தமிழில் நிரப்பியவர்கள் தமிழ். முதலில் வந்த ஏழு பேர்தான் அங்கும் இங்குமாக இருந்தார்கள். மற்ற அறுபத்திரண்டு பேரிலும் ஒரு பிசகு இல்லை. ஒரே சமூகம், மூன்று தனித்தனித் தீவுகள் என்று பேராசிரியை எழுதினார், மூன்று ஆச்சரியக்குறிகளோடு. அவர் ஆச்சரியக்குறி போட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இதை ஒரு மாநாட்டில் வாசிக்கவேண்டும் என்று என் பெயரை முதலிலும் தன் பெயரைப் பின்னாலும் போட்டுச் சுருக்கம் அனுப்பி, அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. ஆகஸ்ட் என்ன, ஜூனிலேயே முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

மாநாட்டுக்கு ஒரு சின்ன அட்டவணை கூடுதலாகக் கேட்டார். ஆட்கள் எந்த நாளில், எந்த நேரத்தில் பதில் எழுதினார்கள் என்று. ஒரு செவ்வாய் மத்தியானம் பல்கலைக்கழகத்துக் கணினி அறையில் இருந்து அதைச் செய்தேன். அறுபத்திரண்டு பதிலும் சனிக்கிழமை. எல்லாம் காலை பத்துக்கும் பின்னேரம் இரண்டுக்கும் இடையில். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே பத்து, பதினொரு நிமிடம். பன்னிரண்டு மணியிலிருந்து அரை மணி நேரம் ஒன்றுமில்லை. பக்கத்து நிரலில் எந்தக் கணினியிலிருந்து வந்தது என்பதைக் காட்டும் இலக்கம் இருந்தது. அறுபத்திரண்டுக்கும் ஒரே இலக்கம்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிற மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும்.

எங்கள் பங்கில் எல்லோருக்கும் படிவம் நிரப்பிக் கொடுப்பவர் ஓர் அண்ணை. கிழமை நாட்களில் துறைமுகப் பக்கம் ஒரு பண்டகசாலையில் வேலை. சனிக்கிழமைகளில் பங்கு மண்டபத்து நிலக்கீழ் அறையில், ஒரு பழைய கணினிக்கு முன்னால் இருப்பார். குடிவரவுப் படிவம், மருத்துவ அட்டை, ஊரிலிருந்து பெற்றோரை எடுப்பிக்கும் படிவம், கார்டரிக்கு இடம் கேட்கும் படிவம், எதுவென்றாலும் அவரிடம்தான். ஒரு சதம் வாங்கமாட்டார். நான் வந்த புதிதில் எனக்கும் நிரப்பித் தந்தவர். பூசையில் அறிவித்தல் கொடுத்து, பலகையில் தாளை ஒட்டினால் எங்கள் சனம் அதை எங்கே கொண்டுபோகும் என்று எனக்கல்லவா முதலில் தெரிந்திருக்கவேண்டும்? ஏழு வருடம் படித்த மூளைக்கு அது எட்டவில்லை. என்னையே அறையவேண்டும் போலிருந்தது.

அந்தச் சனிக்கிழமை போனேன். முன்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, “வாங்கோ தங்கச்சி, இருங்கோ, இவையளை முடிச்சுப்போட்டு வாறன்” என்றார். கொதித்துக்கொண்டிருந்த நான் நாற்பது நிமிடம் வரிசையில் இருந்தேன்.

“அண்ணை, என்ரை வினாக்கொத்தை நிரப்பினது நீங்களோ?”

“ஓம். கொண்டுவந்த எல்லாருக்கும் நிரப்பினனான். டொலார்ட் பக்கத்திலை இன்னும் ரெண்டு மூண்டு குடும்பம் இருக்கு, அடுத்த கிழமை வருவினம். இன்னும் எத்தினை வேணும்?”

எத்தனை வேணுமாம். “அண்ணை, அது அவையவை தாங்களா வாசிச்சு நிரப்பவேண்டியதெல்லோ!”

“அவையைக் கேட்டுத்தானே அடிச்சனான். ஒவ்வொருத்தரையும் நீங்கள் இப்ப இருக்கிற கதிரையிலை இருத்திக் கேட்டனான். வயசு, வந்த வருசம், பிள்ளையள் எத்தினை, ஒண்டும் பிழையில்லை.”

“பதினோராவது கேள்வி?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது நான் பாத்துப் போட்டனான்.”

“என்னத்தைப் பாத்து?”

“மூண்டு பாசைப் படிவத்தையும் மாறி மாறித் திறந்தனான். படிவம் எந்தப் பாசையிலையோ அதைப் போட்டனான். இஞ்சை பாருங்கோ தங்கச்சி, பிரெஞ்சிலை ஒருத்தன் கடதாசி அனுப்பி உன்ரை வீட்டிலை என்ன பாசை எண்டு கேட்டா, பிரெஞ்சு எண்டுதான் சொல்லோணும். இங்கிலிஸிலை கேட்டா இங்கிலிஸ். தமிழிலை கேட்டா அது எங்கடை ஆக்கள், தமிழ் எண்டு போட்டாச் சந்தோசப்படுவினம். நான் எத்தினை வருசமா நிரப்புறன், நிரப்பின ஒரு படிவம் திரும்பி வந்ததில்லை.”

“இது கவண்மெந்துப் படிவம் இல்லை! இதிலை பாஸ், பெயில் இல்லை. ஆராய்ச்சி. எனக்கு உண்மைதான் வேணும்.” என் குரல் உயர்ந்து, படிக்கட்டில் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்தார்.

அண்ணைக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். “உண்மை எண்டா அந்தக் கேள்வியை நீங்கள் அப்பிடிக் கேட்டிருக்கக்கூடாது” என்றார். “நாங்கள் தமிழ்தான் கதைக்கிறது எண்டு தொடங்குவினம். பிள்ளை என்ன பாசையிலை மறுமொழி சொல்லுறது எண்டு கேட்டா, பேசாமல் இருப்பினம். நாலைஞ்சு பேர் அழுதவை, தங்கச்சி. ஆம்பிளையளும். நீங்கள் தந்தது தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம், மற்றவை எண்டு நாலு கட்டம். அழுகையை எந்தக் கட்டத்திலை போடுறது?”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு வந்தது இரக்கம் அல்ல. “ஆர் அழுதது?” என்று கேட்டேன். அவர்களைப் பிடித்துக் கதைத்தால் ஆய்வைக் காப்பாற்றலாம் என்று மண்டை ஓடியது.

“அது சொல்லக்கூடாது. முதல் பக்கத்திலை நீங்கள்தானே எழுதியிருக்கிறியள், ஆர் என்ன சொன்னவையெண்டு வெளியிலை விடமாட்டம் எண்டு. எல்லாருக்கும் அதை வாசிச்சுக் காட்டித்தான் நான் தொடங்கினனான்.” என் வினாக்கொத்தில் அவர் ஒழுங்காக மதித்தது அந்த ஒரு பக்கத்தைத்தான். நான் எழும்பும்போது சமாதானம் செய்வதுபோலச் சொன்னார், “கடைசிப் பெட்டியிலை மட்டும் நான் கைவைக்கேல்லை. ஆரும் ஏதும் சொன்னா, சொன்னபடி அடிச்சனான்.” எனக்கு அது காதில் ஏறவில்லை. கடைசிப் பெட்டி என்றால் என் கண்முன் நின்றது கேள்விக்குறி நிரல்தான்.

இரண்டு நாள் யோசித்தேன். ஒன்றும் சொல்லாமல் விட்டால் என்ன என்று யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். நேரமும் இலக்கமும் இருக்கும் நிரல்களை அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மாநாட்டில் கைதட்டுவார்கள், ஆகஸ்டில் பட்டம். பிறகு யாரோ ஒருவர் அதைப் படித்து, இந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றி அண்ணையின் கற்பனையை மேற்கோள் காட்டுவார். அதை நினைக்கத்தான் மனம் வரவில்லை. பேராசிரியைக்கு முழுவதையும் எழுதினேன். மூன்று தடவை எழுதி, மூன்று தடவை அழித்து, நான்காவதை அனுப்பினேன். அறைக்குள்ளிருந்தே மின்னஞ்சல் அனுப்புகிற மனிதர் இரண்டு நாளாகப் பதில் போடவில்லை. நான் கார்டரியில் குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு, அலுவலகக் கணினியில் ஐந்து நிமிடத்துக்கொரு தரம் பார்த்தேன். மூன்றாம் நாள் ஒரே வரி: எத்தனை மிஞ்சுகிறது?

ஏழு என்று எழுதினேன். அதற்குப் பதிலாகத் தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் களைப்புத் தெரிந்தது, ஆனால் திட்டவில்லை. மாநாட்டிலிருந்து விலகிக்கொள்கிறோம் என்றார். நீ முதலில் சொன்னதுபோல வீடு வீடாகப் போ, இன்னும் ஒரே ஒரு தவணை நீடிப்புக்காக நான் மேலே கேட்டுப் பார்க்கிறேன் என்றார். ஒரு வருடத்துக்கு முன்பே கேட்டிருந்தால் என்ன என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அந்தத் தவணை கிடைத்தது, ஆனால் நெறிமுறைக் குழு ஒரு நிபந்தனை போட்டது. செல்லாத பதில்கள் அறுபத்திரண்டையும் நிரந்தரமாக அழித்துவிட்டு, அழித்தேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் புதிதாக யாரையும் சந்திக்கலாம்.

அழிப்பதும் லேசில்லை. நாங்கள் வைத்திருந்தது இலவசச் சேவை. எல்லாவற்றையும் ஒன்றாக அழிக்க அதில் வழியில்லை. ஒவ்வொரு பதிலாகத் திறந்து, அடிவரை இறக்கி, அழி என்பதை அமத்தி, நிச்சயமாகவா என்று கேட்டால் ஆம் என்று சொல்லி, பிறகு அது முதல் பக்கத்துக்குத் திரும்பும்வரை காத்திருக்கவேண்டும். அறுபத்திரண்டு தடவை நிச்சயமாகவா. ஏப்ரலில் ஒரு மத்தியானம், கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருக்க, வீட்டில் தனியே இருந்து தொடங்கினேன். கடைசியாக வந்தது மேலேயும் முதலில் வந்தது அடியிலும் இருந்தது.

திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அட்டவணையில் கேள்விக்குறியாக விழுந்ததெல்லாம் இந்தப் பக்கத்தில் நல்ல தமிழாக இருந்தது. அண்ணை சொன்னது சரிதான். கடைசிப் பெட்டியில் ஆட்களின் குரல் அப்படியே இருந்தது. ‘கேள்வி கூடிப்போச்சு.’ ‘இந்தப் படிப்பு முடிஞ்சா பிள்ளைக்கு வேலை கிடைக்குமோ?’ பிள்ளை என்றது என்னை. ‘மகன் போனிலை ஊருக்குக் கதைக்கமாட்டன் எண்டுறான், வெக்கமாம்.’ ‘எனக்குத் தமிழ், அவனுக்குப் பிரெஞ்சு, ரெண்டு பேரும் ரீவியைப் பாத்துக்கொண்டிருப்பம்.’ நான் தேடிய ஆய்வு முழுவதும் அங்கே கிடந்தது. ஒன்றையும் எடுத்து எழுதக்கூடாது. வாசித்து வாசித்து அழித்தேன். நெறிமுறைக் குழுவை வாய்விட்டுத் திட்டினேன், கேட்க ஆளில்லாததால் நல்ல யாழ்ப்பாணத் தமிழில்.

கடைசியாக மிஞ்சியது, முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்த பதில். அறுபத்திரண்டில் முதலாவது. இவர்தான் இந்த இணைப்பை அண்ணையிடம் முதலில் கொண்டுபோனவர். பிரெஞ்சு வடிவம். ஆண். ஒரு பிள்ளை, பெண், பன்னிரண்டு வயது. பதினோராவது கேள்விக்கு வழக்கம்போலப் பிரெஞ்சு. கடைசிப் பெட்டியில் தமிழ்.

‘மனுசி படிக்கிறா. அவவுக்கு ஆக்கள் காணாது எண்டு வந்தனான். நான் லொறி. வீட்டிலை மனுசியும் மகளும் பிரெஞ்சிலை நல்லாக் கதைச்சுச் சிரிப்பினம். நான் உள்ளுக்கு வந்தா நிப்பாட்டிப்போடுவினம். மரியாதைக்கு எண்டுதான் நினைக்கிறன்.’

கோபம் வந்தது, யார்மீது என்று தெரியாத கோபம். இதை என்னிடம் சொல்ல இந்த மனிதனுக்கு வாய் இல்லையா? மண்டபத்து நிலக்கீழ் அறைவரை போய், அண்ணை முன்னால் கதிரையில் இருந்து, ஒரு பெட்டிக்குள்தான் சொல்லவேண்டுமா? பிறகு, நான் எப்போது கேட்டேன் என்று யோசித்தேன். ஊரிலுள்ள எல்லோரிடமும் மூன்று மொழியில் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் கேட்கவில்லை. அதையும் அழித்தேன். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆம் என்று அமத்தினேன்.

அன்று பின்னேரம் குசினியில் நின்று கறிக்கு வெங்காயம் வெட்டினேன். மகள் பள்ளிக்கூடத்தால் வந்து மேசையில் ஏறி இருந்து, தன் வகுப்பு ஆசிரியர் மின்னஞ்சலில் வீட்டுப்பாடம் அனுப்பப்போய், தன் மனைவிக்கு எழுதிய சாமான் பட்டியலை முழு வகுப்புக்கும் அனுப்பிவிட்ட கதையைச் சொன்னாள். பிரெஞ்சில், அந்த ஆசிரியரைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு. அழவேண்டிய நாளில் நான் கத்தியை வைத்துவிட்டுக் கண்ணீர் வரச் சிரித்தேன். அப்போது வெளியே கார்க் கதவு சாத்துப்பட்டது. படியில் சப்பாத்தைத் தட்டும் சத்தம். கதவு திறந்தது.

எங்கள் சத்தம் நின்றது. நான் நிறுத்தவில்லை, அவளும் நிறுத்தவில்லை, அது தானாகவே நின்றது. எத்தனை வருடமாக இப்படி நிற்கிறதோ, அன்றுதான் எனக்குக் கேட்டது.

அவர் மேல்சட்டையோடு குசினி வாசலில் வந்து நின்றார். “என்ன, கதையுங்கோவன்” என்றார். கேட்டுச் சிரிக்கத் தயாரான முகம். நான் அந்தக் கதையைத் தமிழில் சொல்ல வாயைத் திறந்தேன். எங்கே தொடங்குவது என்று தேடிக்கொண்டு நின்ற அந்த ஒரு கணத்துக்குள் மகள் மேசையிலிருந்து இறங்கிவிட்டாள்.

“ஒண்டுமில்லை அப்பா, சும்மா” என்றாள், தமிழில், மிக மரியாதையாக.

அவர் தலையாட்டிவிட்டுக் கை கழுவப் போனார்.